ஜகதீச வஸுவின் வழக்கு

நாலு பேர் கூடிய இடத்தில் ஜகதீச சந்திர வஸுவின் பெயர் எடுக்கப்பட்டால் இரண்டு விஷயங்கள் தவறாமல் சொல்லப்படுகின்றன. கம்பியில்லாத் தந்தியை முதன் முதலாகக் கண்டவர் அவரே யென்றும், மார்க்கோனி என்னும் இத்தாலியர் அதைக் களவு கொண்டு போய்ப் பணமும் கீர்த்தியும் சம்பாதித்து விட்டாரென்றும் சொல்லுவது ஒன்று. செடி கொடிகளுக்கு நம்மைப் போலவே சுக துக்கங்கள் உண்டென்பதை அவர் ருஜுப்படுத்தி விட்டாரென்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சொல்லிக் கைதட்டிவிட்டு, அம்மனிதர் உண்மையில் என்ன செய்தார், எதற்காகக் கஷ்டப்பட்டார் என்பதை ஒருவரும் விசாரிப்பதில்லை. கோர்ட்டில் வாதிக்கு அநுகூலமான சாட்சி மிகைப்படுத்திப் பேசினால் அவனுடைய நல்ல வழக்கும் கெட்டுப் போகும் என்பதை வக்கீல் தொழில் செய்தவர் அனைவரும் அறிவர். வஸுவின் வழக்கும் அவ்வாறு நம்மவராலேயே கெட்டுப் போகிறதென்று நாம் அஞ்சுகிறோம். ஆகையால் அவருடைய சரித்திரத்தை ஆதாரமுள்ள வரையில் மட்டும் இங்கு எடுத்துக் கூறலாமென்று துணிந்தோம்.

வஸு 1858-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி கிழக்கு வங்காளத்தில் மைமன்சிங் நகரில் பிறந்தார். அது இன்று வங்க தேசத்தைச் சேர்ந்தது. பூர்விகம் பிக்ரம்பூர்ப் பகுதியிலுள்ள ராரிகால் கிராமம். தந்தை பகவான் சந்திர வஸு டிப்டி மாஜிஸ்திரேட் உத்தியோகம் பார்த்தவர். பிரம்ம ஸமாஜத்தைச் சேர்ந்தவர். அக்காலத்து உத்தியோகஸ்தர்கள் தங்கள் குமாரர்களை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திற்கு அனுப்புவதைக் கௌரவமாக எண்ணினார்கள். பரீத்பூரில் இருந்த பகவான் சந்திரரோ தம் மகனைத் தாய்மொழிப் பாடசாலைக்கே அனுப்பினார். அங்கே பையனுக்கு வலப்புறத்தில் தகப்பனாரின் முஸ்லிம் சேவகனுடைய மகனும் இடப்புறத்தில் ஒரு மீனவனுடைய மகனும் உட்கார்ந்திருந்தார்கள். நீர்ப்பிராணிகளின் கதையைப் பையன் முதலில் கேட்டது அந்த மீனவச் சிறுவனிடந்தான். பள்ளி விட்டதும் மூவரும் ஒன்றாக வீட்டிற்கு வருவார்கள். தாயார் பாமாசுந்தரி தேவி ஆசாரமுள்ளவராயினும் பேதமின்றி மூவருக்கும் சிற்றுண்டி கொடுப்பார்.

பையனைப் பள்ளிக்குத் தூக்கிச் சென்ற வேலைக்காரன் ஒரு பழைய கொள்ளைக்காரன். பகவான் சந்திரரே அவனைத் தண்டித்துச் சிறைக்கு அனுப்பியவர். விடுதலையாகி வந்து பிழைக்க வழியில்லை யென்று அவர் முன் நின்றவனைத் தம் வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். பின்னொரு சமயம் குடும்பத்தார் ஆற்று வழியே படகில் சென்றபொழுது கொள்ளைப் படகுகள் துரத்தி வந்தன. இவன் எழுந்து நின்று தன் பழைய கூட்டத்தாரின் சங்கேதக் குரலைக் கொடுக்கவே அவை திரும்பிப் போய்விட்டன வென்று சொல்லுவார்கள். இத்தகைய மனிதனிடம் கதை கேட்டு வளர்ந்த பையனுக்கு மஹாபாரதத்தில் அர்ஜுனனை விடக் கர்ணனிடத்திலேயே பற்று அதிகம் இருந்ததில் ஆச்சரியமில்லை. தோற்பது நிச்சயமென்று தெரிந்தும் போரிட்டவன் கர்ணன் அல்லவா?

தகப்பனாரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் தம் சம்பளத்தோடு திருப்தியடைந்து சும்மா இருக்கவில்லை. ஜனங்களுக்குத் தொழில் வேண்டுமென்று தொழிற் பட்டறைகள் வைத்தார். விவசாயக் கண்காட்சிகள் நடத்தினார். அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்திலும் பம்பாய்ப் பக்கத்து நெசவுத் தொழிலிலும் பணம் போட்டார். பெரும்பாலும் நஷ்டமே. கடன் மேல் கடன் ஏறிற்று. மகன் கையில் உளியும் அரமும் பிடிக்கக் கற்றது இந்தப் பட்டறைகளில். வியாபாரத்தினிடம் அவருக்குப் பிற்காலத்தில் ஏற்பட்ட வெறுப்புக்கும் விதை இங்கே தான் விழுந்திருக்க வேண்டுமென்பது நமது ஊகம்.

கல்கத்தாவில் ஹேர் பள்ளிக்கூடத்தில் சிறிது காலமும், பிறகு ஸெயிண்ட் ஸேவியர் பள்ளியிலும் கலாசாலையிலும் படித்தார். அங்கே பௌதிக சாஸ்திரம் போதித்த லபோன் என்னும் பெல்ஜியப் பாதிரியார் பரீக்ஷைகளைக் கண்ணுக்கு விருந்தாகச் செய்து காட்டுவதில் வல்லவர். சீமைக்குப் போய் ஸிவில் ஸர்வீஸ் பரீக்ஷையில் தேற வேண்டுமென்பது ஜகதீசரின் விருப்பம். தாமே ஸர்க்கார் அதிகாரியாயிருந்த தகப்பனார், தம் மகன் பிறரை ஆளும் உத்தியோகத்துக்குப் போக வேண்டாமென்று தடுத்துவிட்டார். தாயார் தம் நகைகளை விற்றாவது அனுப்புகிறேனென்று முன்வந்தார். 1880-ம் வருஷத்தில் வைத்தியம் படிப்பதென்று லண்டன் சென்றார். அஸ்ஸாம் காட்டில் வேட்டையாடிய காலத்தில் பிடித்த ஜ்வரம் அவரை விடவில்லை. பிரேதங்களை அறுக்கும் சாலையின் நாற்றம் அதை அதிகப்படுத்தியது. ஆகவே வைத்தியத்தை விட்டுக் கேம்பிரிட்ஜில் கிரைஸ்ட் கலாசாலையில் இயற்கை சாஸ்திரங்களைப் பயின்றார். ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1884-ல் கேம்பிரிட்ஜ் பட்டத்தையும் லண்டன் சர்வகலாசாலைப் பட்டத்தையும் பெற்று, மறு வருஷம் தாய்நாடு திரும்பினார்.

இனித்தான் வழக்கின் முதற் பாகம் தொடங்குகிறது. ரிப்பன் பிரபுவின் சிபார்சு இருந்தும் கல்வி இலாகா அதிகாரிகளுக்கு வஸுவை நியமிக்க மனமில்லை. சரித்திரமும் தத்துவமும் வேண்டுமானால் இந்தியர் போதிக்கலாம், பௌதிக சாஸ்திரம் போன்ற நுட்பமான கலைகள் அவர்களுக்குக் கைவராவென்பது அன்றைய துரைமார்களின் கொள்கை. கடைசியில் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் தாற்காலிக ஆசிரியராக நியமித்தார்கள். அப்பொழுது ஒரே உத்தியோகத்தில் ஐரோப்பியருக்கு மூன்று பங்கு சம்பளமென்றால் இந்தியருக்கு இரண்டு பங்கு. அதிலும் தாற்காலிகமென்றால் பாதி. ஆக வஸுவுக்குக் கிடைக்கக் கூடியது மூன்றில் ஒரு பங்கு.

அவர் கூட்டம் கூட்டவில்லை, ராஜிநாமாவும் கொடுக்கவில்லை. பாடத்தை ஒழுங்காக நடத்தினார். மாதா மாதம் வந்த சம்பளச் செக்கைத் திருப்பி யனுப்பினார். இவ்வாறு மூன்று வருஷ காலம் நடந்தது. தகப்பனாருக்கோ கடன்காரர்களின் நெருக்கடி. சொந்த நிலங்கள் விற்கப்பட்டன. இதற்கிடையே 1887-ல் துர்கா மோஹன தாஸரின் குமாரியாகிய அபலாவை விவாகம் செய்து கொண்டார். இவ்வம்மையாருக்கும் தமிழ் நாட்டுக்கும் ஒரு சம்பந்தமுண்டு. கல்கத்தா வைத்தியக் கலாசாலை அந்நாளில் ஸ்திரீகளைச் சேர்த்துக் கொள்ளாமையால், அபலா 1882-ல் சென்னைக்கு வந்து நமது வைத்தியக் கலாசாலையில் படித்தார். தேக அஸௌக்கியத்தால் படிப்பை முடிக்க இயலவில்லை. பிற்காலத்தில் வங்காளத்துப் பெண் கல்விக்காக 1919-ல் அவர் ஸ்தாபித்த நாரீ சிக்ஷா ஸமிதி பல பாடசாலைகளை நடத்தியது. தம்பதிகள் கல்கத்தாவில் வீட்டு வாடகை கொடுக்க இயலாமல் ஹூக்ளி நதிக் கரையிலுள்ள சந்தர்நகரில் வசித்தார்கள். வஸு ஒரு சிறு படகைத் துடுப்புப் போட்டு ஆற்றைக் கடந்து கலாசாலைக்குச் செல்வார். படகை அபலா திரும்ப ஓட்டிக்கொண்டு வருவார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு ராஜாங்கத்தார் இறங்கி வந்து உத்தியோகத்தை நிரந்தரமாக்கி, ஆரம்ப தினத்திலிருந்து முழுச் சம்பளத்தையும் ஒரே தொகையாகக் கொடுத்தார்கள். அத்தொகை தகப்பனாரின் கடனுக்கே போயிற்று. இந்த வெற்றி வஸு ஒருவருக்கு மட்டுமே கிடைத்தது. விதி மற்றவர்களுக்கு மாறவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டியது அவசியம்.

1894-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி, தமக்கு முப்பத்தாறு வயது நிரம்பிய அன்று, இனி ஆராய்ச்சியே தம் வாழ்வென்று வஸு சங்கற்பம் செய்துகொண்டார். கலாசாலையில் ஆராய்ச்சிச் சாலை கிடையாது. ஸ்நான அறைக்குப் பக்கத்தில் சதுர அடிக் கணக்கில் இருபத்து நான்கே கொண்ட ஒரு மூலை கிடைத்தது. பணம் அவருடையது. யந்திரங்களைச் செய்தவன் எழுத்து வாசனையற்ற ஒரு தகரக் கொல்லன்.

அவர் எடுத்துக் கொண்ட விஷயம் இது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ட்ஸ் என்பவர் கண்ணுக்குத் தெரியாத மின்ஸார அலைகள் உண்டென்று சில வருஷங்களுக்கு முன் பரீக்ஷித்துக் காட்டினார். 1894 ஜனவரியில் இளவயதிலேயே இறந்தும் போனார். இவ்வலைகளும் ஒளியும் ஒரே ஜாதியானால், ஒளியைப் போலவே இவையும் கண்ணாடியில் பட்டுத் திரும்ப வேண்டும், பளிங்கில் புகுந்து வளைய வேண்டும். ஆனால் ஹெர்ட்ஸின் அலைகள் முழக்கணக்கில் நீண்டவை. நீண்ட அலை சிறு பொருளைச் சுற்றி வளைந்து போய்விடும். அதைச் சோதிக்க மாளிகை யளவு யந்திரம் வேண்டும். வஸு அலையைச் சிறியதாக்கினார். ஐந்து மில்லிமீட்டர், அதாவது ஒரு நெல்மணியின் நீளத்துக்கும் குறைவு! அதனால் அவருடைய யந்திரம் முழுவதும் ஒரு மேஜையின் மேல் அடங்கிற்று. அலைகளை ஒரே திசையில் அதிரச் செய்வதற்கு அவர் உபயோகித்த சாதனம் என்னவென்று நினைக்கிறீர்கள்? ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தகடுகள் செருகப்பட்ட பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புஸ்தகம்! ரயில் வரும் நேரத்தை அறிவதற்கு அப்புஸ்தகம் எவ்வளவு தூரம் உபயோகப்பட்டதோ நாம் அறியோம். பௌதிக சாஸ்திரத்துக்கு அது மிக உபயோகமாயிற்று. முறுக்கிய சணற் கட்டுகளைக் கொண்டு, சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புவது போல இவ்வலைகளையும் திருப்பிக் காட்டினார். வங்காளத்துக் கொல்லையில் விளைந்த சரக்கு!

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் வங்காளத்து லெப்டினெண்ட் கவர்னர் முன்னிலையில் ஒரு காட்சி நடந்தது. ஓர் அறையிலிருந்து புறப்பட்ட அலை சுவர்களை ஊடுருவி, கவர்னர் துரையின் ஸ்தூல சரீரத்தையும் ஊடுருவி, எழுபத்தைந்து அடி தூரத்துக்கப்பால் மணியை அடித்தது, துப்பாக்கியைச் சுட்டது, வெடி மருந்தைக் கொளுத்தியது. 1896-ல் லண்டன் சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது. அவ்வருஷம் லிவர்பூலில் கூடிய சாஸ்திர சபையில் வஸு பேசி முடித்ததும், முதியவரான கெல்வின் பிரபு நொண்டிக்கொண்டே மாடிப்படியேறி ஸ்திரீகள் இருந்த இடத்துக்குச் சென்று அபலா அம்மையாரின் கைகளைப் பற்றிப் பாராட்டினார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு செய்யும் கௌரவமும் கிடைத்தது.

இதே 1896-ல் தான் வஸு வேறொரு வேடிக்கையும் செய்தார். குந்தளீன் என்னும் கூந்தல் தைலக் கம்பெனியார் கதைப் போட்டி யொன்று வைத்தார்கள். கதையில் தைலத்தின் பெயர் வர வேண்டுமென்பது நிபந்தனை. கல்கத்தாவைத் தாக்குமென்று பறை சாற்றப்பட்ட பெரும் புயல் ஒன்று காணாமற் போய்விடுகிறது, சாஸ்திரிகள் திகைக்கிறார்கள், உண்மையில் கப்பற் பிரயாணி ஒருவர் தம் மகள் கொடுத்த தலைத் தைலப் புட்டியைக் கடலில் விட்டெறிந்து அலைகளை அடக்கியிருந்தார் என்பது கதை. எண்ணெய் நீரலையைத் தணிக்குமென்பது சாஸ்திரம்; மற்றவை பரிஹாஸம். பெயரில்லாமல் எழுதிய வஸுவுக்கே பரிசு கிடைத்தது. வங்காளியில் சாஸ்திரக் கற்பனைக் கதைகளுக்கு இது முன்னோடிகளில் ஒன்றென்று இன்று கொண்டாடுகிறார்கள்.

இப்பொழுது மார்க்கோனி விஷயத்துக்கு வருவோம். வஸுவின் அலை குறுகியது; கடலைத் தாண்டாது. மார்க்கோனி தூரத்தையே லக்ஷ்யமாகக் கொண்டு நீண்ட அலைகளைக் கையாண்டார்; செய்தி யனுப்புவது ஒன்றே அவர் நோக்கம். வஸுவின் நோக்கம் அலையின் இயல்பை அறிவது. இங்கிலாந்தில் லாட்ஜ், ருஷியாவில் போபோவ் முதலியவர்களும் அதே வருஷங்களில் உழைத்துக் கொண்டிருந்தார்கள். ஆகவே கம்பியில்லாத் தந்தி முழுவதையும் வஸுவின் பெயரில் பட்டா எழுதிக் கொள்ளுவது நியாயமாகாது. ஆனால் வழக்கு இதோடு தள்ளுபடியாகி விடவுமில்லை. வந்த அலையை உணரும் கருவியை அக்காலத்தில் ஒவ்வொரு தடவையும் தட்டித் தட்டிச் சீர்ப்படுத்த வேண்டியிருந்தது. தானே சீர்ப்படும் கருவியொன்றை, இரும்பும் பாதரஸமும் கொண்டு, வஸு செய்து 1899 ஏப்ரலில் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு விவரம் அனுப்பினார். 1901 டிஸம்பர் 12-ந் தேதி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த முதல் ஸமிக்ஞையை மார்க்கோனி கேட்டதும் இரும்பும் பாதரஸமும் கொண்ட ஒரு கருவியின் வழியாகத்தான்; அது இத்தாலியக் கடற்படையிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டது. மூலம் வஸுவின் கருவியே என்று 1998-ல் அமெரிக்க மின்பொறியியலாரின் சஞ்சிகையில் விரிவான வாதம் வெளியாயிற்று. எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனினும் காகித ஆதாரம் வஸுவின் பக்கம் பலமாகவே இருக்கிறதென்பது நமது அபிப்பிராயம். களவென்ற சொல்லை மட்டும் நாம் உபயோகிக்க மாட்டோம். அதற்கு வேண்டிய சாட்சியம் பதிவில் இல்லை.

சர்ச்சைக்கிடமில்லாத கீர்த்தி வேறொன்றிருக்கிறது; அதைத்தான் நம்மவர்கள் மறந்து விடுகிறார்கள். கலீனா என்னும் ஈயக் கல்லைக் கொண்டு மின்ஸார அலைகளை உணரும் கருவியொன்றை வஸு செய்தார். இன்று ரேடியோவிலும் கணக்கு யந்திரங்களிலும் டெலிபோன்களிலும் வேலை செய்யும் அரைக்கடத்திகளின் வம்சத்தில் அக்கல் ஒரு மூதாதை. டிரான்ஸிஸ்டரைக் கண்டவர்களில் ஒருவராகிய பிராட்டெயினும் அவருடைய சகாவும் 1955-ல் எழுதிய அரைக்கடத்திச் சரித்திரத்தில் இதற்கான முதன்மையை வஸுவுக்கே கொடுத்திருக்கிறார்கள். எதிர்க்கட்சி வக்கீலே ஒப்புக்கொண்ட சங்கதி!

இக்கருவியைப் பற்றியே பேடெண்டு விவகாரம் எழுந்தது. 1901-ல் லண்டனில் சொற்பொழிவுக்குச் சற்று முன்பு, கம்பியில்லாத் தந்தி வியாபாரத்தில் ஈடுபட்ட ஒரு கோடீசுவரர் வந்து, விஷயத்தை வெளியிட வேண்டாம், பேடெண்டு எடுத்துக் கொள்ளலாம், லாபத்தில் பங்கு தருகிறேனென்று மன்றாடினார். வஸு மறுத்துவிட்டு, இச்செய்தியை நண்பர் ரவீந்திரநாத தாகூருக்கு எழுதினார். ஸகோதரி நிவேதிதையும் அமெரிக்க நண்பரான ஸாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதன் மேல் அமெரிக்காவில் மனுச் செய்ய மட்டும் சம்மதித்தார். 1901 ஸெப்டம்பரில் கொடுத்த மனுவுக்கு 1904 மார்ச்சு 29-ந் தேதி 755,840-ம் நெம்பர் பேடெண்டு வழங்கப்பட்டது. அதைக் கொண்டு ஒரு காசும் சம்பாதிக்காமல் காலாவதியாக விட்டுவிட்டார்.

இதை நமது பிரசங்கிகள் துறவறத்தின் சிகரமென்று வர்ணிக்கிறார்கள். நாம் முழு மனதுடன் அவ்வாறு சொல்ல இயலாமைக்கு நேயர்கள் மன்னிக்க வேண்டும். சாஸ்திரம் உலகுக்குப் பொதுவென்ற கொள்கை உயர்ந்ததே. ஆனால் ஒருவர் வேலி போடாமல் விட்ட நிலம் பொது நிலமாகவே இருந்துவிடுவதில்லை. பக்கத்து மிராசுதார் வேலியை நகர்த்திக் கொள்ளுகிறார். அப்பணம் வந்திருந்தால் பதினாறு வருஷம் முன்னதாகவே கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிச் சாலை எழுந்திருக்கலாம். ஆயினும், தொழிலில் இறங்கிய தகப்பனார் கடனில் மூழ்கியதையும், பணத்தின் பின் சென்ற சாஸ்திரிகளின் மனம் பேராசையால் கெட்டதையும் கண்ட ஒருவருக்கு இவ்விஷயத்தில் வேறு விதமாகத் தோன்றியதென்றால் அதையும் நாம் மதிக்கிறோம். சம்பளத்தில் ஒரு காசு குறைந்தாலும் வாங்கேனென்று மூன்று வருஷம் நின்ற அதே மனிதர்தான் கோடிக்கணக்கான பணத்தை வேண்டாமென்றார். உரிமை வேறு, லாபம் வேறு என்பது அவர் கணக்குப் போலும்.

அப்பொழுது அவருடைய கவனம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அலையை உணரும் உலோகக் கருவி அடிக்கடி உபயோகித்தால் சோர்ந்து போவதையும், சற்று ஓய்வு கொடுத்தால் தெளிவடைவதையும் கவனித்தார். அச்சோர்வைக் கோடாக வரைந்தால், களைத்த தசை காட்டும் கோட்டைப் போலவே இருந்தது. உலோகத்துக்கும் பிராணிக்கும் நடுவே நிற்பது தாவரம், அதைச் சோதித்தாலென்ன? கடைத் தெருவிலிருந்து காரட்டும் டர்னிப்பும் வாங்கிவந்து சோதித்தார். கிள்ளினாலும் சுட்டாலும் அவற்றிலும் மின்ஸாரத் துடிப்பு எழுந்தது. விஷம் கொடுத்தால் அடங்கியது.

1901 ஜூன் 6-ந் தேதி ராயல் சொஸைட்டி முன் இதைக் காட்டினார். உடற்கூற்று சாஸ்திரத்தில் பீஷ்மரான பர்டன் ஸாண்டர்ஸன் எழுந்தார். பௌதிகத்தோடு நில்லாமல் எங்கள் எல்லைக்குள் ஏன் புகுந்தீர், தலைப்பிலுள்ள பதத்தையாவது மாற்றும் என்ற தோரணையில் பேசினார். விநோதம் என்னவென்றால், டார்வினுடைய வேண்டுகோளின் பேரில் 1873-ல் பூச்சி தின்னும் செடியொன்றில் மின்ஸாரத் துடிப்பை முதலில் கண்டவரே இவர்தாம். சாதாரணச் செடியிலும் அஃதுண்டென்பதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. வஸு ஓர் எழுத்தையும் மாற்ற இசையவில்லை. கட்டுரை அச்சேறாமல் பண்டக சாலைக்குப் போயிற்று. சில மாதங்களில், அன்று கேட்டிருந்த வாலர் என்னும் மற்றொரு வித்வான் அதே மாதிரி விஷயத்தைத் தம் கண்டுபிடிப்பாக வெளியிட்டார். லின்னேயன் சொஸைட்டியார் விசாரித்து வஸுவின் முதன்மையை ஒப்புக்கொண்டு 1902-ல் அவர் கட்டுரையைப் பிரசுரித்தார்கள். அதற்குப் பின்னும் ராயல் சொஸைட்டியின் கதவு நெடுங்காலம் சரியாகத் திறக்கவில்லை. ஆகவே புஸ்தகங்களாகவே எழுதலானார். 1902, 1906, 1907 ஆகிய வருஷங்களில் வந்த பெருநூல்களின் கைப்பிரதிகளைச் செப்பனிட்டு உதவியவர் நிவேதிதை. அவ்வம்மையார் 1911-ல் டார்ஜிலிங்கில் உயிர் நீத்தபொழுது வஸு தம்பதிகளே பக்கத்தில் இருந்தார்கள்.

எதிரிகளுக்கு வாயால் பதில் சொல்லுவதை விட்டு, செடியையே எழுத வைப்பதென்று வஸு தீர்மானித்தார். ஒரு செடி விநாடிக்கு ஏறக்குறைய அங்குலத்தில் லக்ஷத்தில் ஒரு பங்கு வளருகிறதென்பது அவர் கணக்கு. கண்ணுக்கு எவ்வாறு தெரியும்? இரண்டு நெம்புகோல்களை இணைத்துப் பதினாயிரம் மடங்கு பெருக்கினார். அப்பொழுது அவ்வளர்ச்சி விநாடிக்கு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்காகப் புகை படிந்த கண்ணாடியில் கோடாக விழும். எழுதும் முனை கண்ணாடியில் உராய்ந்தால் நுண்ணிய அசைவு நின்றுவிடுமாதலால், கண்ணாடியே முன்னும் பின்னும் அசைந்து முனையைத் தொட்டுத் தொட்டு விலகும்படி செய்தார். பின்னர் காந்த சக்தியைக் கொண்டு கோடி மடங்கு வரையில் பெருக்கினார். உரமிட்டவுடன் செடி எவ்விதம் துரிதப்படுகிறது, மயக்க மருந்தால் எவ்விதம் ஸ்தம்பிக்கிறது என்பவற்றைச் சபையோர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்கள். தொட்டாற்சுருங்கியையும், இலைகள் தாமே எழுந்து தாழும் தொழுகண்ணியையும் அவர் தேசந்தேசமாகக் கொண்டு சென்றார். கருவி பொய் சொல்லுகிறதென்று வாலர் மறுபடி கிளப்பிய ஆக்ஷேபத்தின் மேல், 1920 ஏப்ரலில் லண்டனில் ஒரு பரீக்ஷை நடந்தது. முதிய ராலே பிரபுவின் குமாரரும், பேய்லிஸ் முதலிய ஆசிரியர்களும் நேரில் பார்த்து, கருவி காட்டுவது செடியின் வளர்ச்சியே என்று டைம்ஸ் பத்திரிகையில் கையெழுத்திட்டு வெளியிட்டார்கள். அவ்வருஷமே ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிக் கொண்டது. பத்தொன்பது வருஷத்து அப்பீல்!

1915-ல் உத்தியோகத்திலிருந்து விலகி, 1917 நவம்பர் 30-ந் தேதி தம் சேமிப்பையும் நண்பர்களின் கொடையையும் கொண்டு கல்கத்தாவில் வஸு விஞ்ஞான மந்திரத்தைத் திறந்தார். ததீசி முனிவரின் எலும்பாலாகிய வஜ்ராயுதம் அதன் சின்னம். அங்கே காணப்படும் விஷயங்களுக்குப் பேடெண்டு எடுப்பதில்லை யென்று அன்றே அறிவித்துவிட்டார், பிடிவாதம் குறையவில்லை.

செடிகளைப் பற்றிய தீர்ப்பு என்ன? தாவரங்களில் மின்ஸாரத் துடிப்பு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஓடுகிறதென்பது இன்று பாடப் புஸ்தகத்தில் ஏறிவிட்டது. ஓர் இலையைப் புழு கடித்தால் தூரத்து இலைகளுக்கு எச்சரிக்கை சென்று சேருவதை 2018-ல் ஒளிரும் புரதங்களின் உதவியால் படம் பிடித்தே காட்டினார்கள். இவ்வளவும் வஸுவுக்கு வெற்றி. ஆனால் வேரிலிருந்து நீர் மேலேறுவது செடியின் உள்ளே நடைபெறும் இருதயத் துடிப்புப் போன்ற ஓட்டத்தால் என்று அவர் 1923-ல் எழுதியதைச் சாஸ்திர உலகம் ஏற்கவில்லை. இலையில் நீர் ஆவியாகுங் காலத்து உண்டாகும் இழுப்பினாலென்பதே இன்றும் நிற்கும் கொள்கை. உலோகத்துக்கு உயிருண்டு, செடிக்கு நம்மைப் போல் துக்கமுண்டு என்பவை பரீக்ஷையால் நிலைநாட்டப்பட்டவை அல்ல. துடிப்பு வேறு, துக்கம் வேறு. வஸுவினிடத்தில் கவியும் சாஸ்திரியும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். சில வேளைகளில் ஒருவருடைய கணக்குப் புஸ்தகத்தில் மற்றவர் எழுதிவிட்டார்.

1937-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி, எழுபத்தொன்பது வயது நிரம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, கிரிதி என்னும் ஊரில் காலமானார். 2012-ல் உலக மின்பொறியியலார் சங்கம் பிரஸிடென்ஸி கலாசாலையில் அவர் நடத்திய சிற்றலைப் பரீக்ஷைகளைச் சரித்திர நிகழ்ச்சியாக அங்கீகரித்தது.

பரீத்பூர் ஈச்ச மரத்தின் கதையைச் சொல்ல மறந்துவிட்டோம். வஸு பாலியத்தைக் கழித்த அவ்வூருக்கருகில் சாய்வாக நின்ற ஈச்ச மரம் ஒன்று தினந்தோறும் மாலையில், கோயில் மணி அடிக்கும் வேளையில், தலையைத் தரை வரையில் தாழ்த்தி நமஸ்கரிக்கும். காலையில் மறுபடியும் நிமிர்ந்து நிற்கும். ஜனங்கள் திரள் திரளாக வந்தார்கள். காணிக்கை செலுத்தினவர்களுக்கு நோய் தீர்ந்ததென்றும் சொல்லப்பட்டது. வஸு தம் கருவியை அதில் பொருத்திப் பார்க்க விரும்பினார். மரத்தின் சொந்தக்காரருக்கோ அந்நிய தேசத்து யந்திரம் பட்டால் மகிமை போய்விடுமென்று பயம். கருவி இந்நாட்டில் தம் சாலையிலேயே செய்யப்பட்டதென்றும், அதைப் பொருத்துபவர் ஒரு பூசாரியின் குமாரரான பிராமணரென்றும் சொன்ன பின்னரே அநுமதி கிடைத்தது. கருவி இரவும் பகலும் எழுதிற்று. மரம் மாலையில் மட்டும் தாழவில்லை. வெப்பம் ஏற ஏறத் தாழ்ந்தும், வெப்பம் இறங்க இறங்க எழும்பியும், நாள் முழுவதும் அசைந்துகொண்டே இருந்தது. மற்ற மரங்களைச் சோதித்தபொழுது அவையும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அவ்வாறே செய்தன. வணங்கியது ஒரு மரமல்ல, எல்லா மரங்களுமே. சொந்தக்காரரிடம் இதை எவ்விதம் சொன்னாரோ! சுமார் ஒரு வருஷத்துக்குப் பின் ஸர்க்கார் அதிகாரி ஒருவரிடமிருந்து வஸுவுக்குச் செய்தி வந்தது: மரம் பட்டுப் போயிற்று, அசைவும் நின்றுவிட்டது.